கையில மீடியம் ஸ்டாக் இருந்தா எப்படி ஆடணும்? போக்கர் மேஜையும் கொற்கைத் துறையும் சொல்ற பணப் பாடம்

போன வீடியோவுல எமர்ஜென்சி ஃபண்ட் பத்தி பேசும்போது, நடுவுல "நம்மள மாதிரி மீடியம் ஸ்டாக் ஆளுங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன். அது போக்கர் ஆட்டத்துல இருந்து வந்த வார்த்தை. அதை விவரமா எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டு இருந்தேன். இன்னைக்கு எழுதிடறேன். கொஞ்சம் நீளமான பதிவு, ஒரு டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க.

முதல்ல என் கதை. வெட்கமான கதைதான், ஆனா அதைச் சொல்லாம இந்தப் பாடத்தைச் சொன்னா நேர்மையா இருக்காது.

2021 கடைசியில என் கையில 9 லட்சம் ரூபாய் சேமிப்பு இருந்தது. தூத்துக்குடியில ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில வேலை. வீட்டுச் செலவு மாசம் 30 ஆயிரம். முள்ளக்காடு பக்கம் ஒரு பிளாட் பார்த்து வெச்சிருந்தோம், அதுக்கு அட்வான்ஸ் கொடுக்கத்தான் அந்தப் பணம். அந்த வருஷம் ஆகஸ்ட் மாசம் சென்னை ஹைகோர்ட் தமிழ்நாட்டோட ஆன்லைன் ரம்மி, போக்கர் தடைச் சட்டத்தை ரத்து பண்ணியிருந்தது. விளம்பரம் எல்லாம் திரும்ப வந்துடுச்சு. நானும் ஒரு ஆப்ல போக்கர் ஆட ஆரம்பிச்சேன். முதல்ல 500 ரூபாய், அப்புறம் 2,000. மூணு மாசத்துல 70 ஆயிரம் போச்சு.

அதை மீட்கணும்னு எங்க போனேன் தெரியுமா? ஆப்ஷன் டிரேடிங். 2022 பிப்ரவரி 24, வியாழக்கிழமை, மாசாந்திர எக்ஸ்பைரி. அன்னைக்குக் காலையில ரஷ்யா உக்ரைன் மேல போர் தொடுத்தது. நிஃப்டி ஒரே நாள்ல 815 புள்ளி விழுந்தது. நான் கால் ஆப்ஷன் வாங்கி வெச்சிருந்தேன். 2 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் பூஜ்ஜியம் ஆச்சு. அதுக்கு அப்புறமும் நிறுத்தல. ஏப்ரல் மாசம் கணக்குப் பார்த்தப்போ மிச்சம் 4 லட்சத்து 60 ஆயிரம்.

என் மனைவி திட்டல. "பாதிப் பணம்தான் போயிருக்கு, ஆனா பயம் முழுசா வந்துடுச்சுங்க"ன்னு மட்டும் சொன்னா. பிளாட் வேற ஆளுக்குப் போயிடுச்சு.

இதுல வேடிக்கை என்னன்னா, அதுக்கு அப்புறம் தான் நான் போக்கரை ஒழுங்கா படிச்சேன். பணம் வெச்சு ஆடறதுக்கு இல்ல, எங்க தப்புப் பண்ணினேன்னு தெரிஞ்சுக்க. படிச்சப்போ புரிஞ்சது: நான் ஆடின ஆட்டம் முழுக்க, மீடியம் ஸ்டாக் வெச்சிருக்கிறவன் ஆடக்கூடாத ஆட்டம்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்

பணம் கட்டி ஆன்லைன்ல போக்கர் ஆடுங்கன்னு நான் சொல்ல வரல. 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் நிறைவேத்தின ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், அது திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமான்னு பார்க்காம, பணம் வெச்சு ஆடற ஆன்லைன் ஆட்டங்களைத் தடை பண்ணுது. ஆசையா இருந்தா வீட்டுல புளியங்கொட்டையை சிப்பா வெச்சு ஆடுங்க. பாடம் ஒண்ணுதான், செலவு கிடையாது.

மீடியம் ஸ்டாக்னா என்ன?

போக்கர் டோர்னமெண்ட்ல எல்லாருக்கும் ஆரம்பத்துல ஒரே அளவு சிப் கொடுப்பாங்க. ஒவ்வொரு கை சீட்டு போடறதுக்கு முன்னாடியும் ரெண்டு பேர் கட்டாயமா கொஞ்சம் சிப் நடுவுல வைக்கணும். சின்னது ஸ்மால் பிளைண்ட், பெருசு பிக் பிளைண்ட். இது மேஜையைச் சுத்தி வந்துக்கிட்டே இருக்கும், எல்லாரும் கட்டித்தான் ஆகணும். நேரம் ஆக ஆக இந்தத் தொகை ஏறிட்டே போகும்.

அதனால "என்கிட்ட 6,000 சிப் இருக்கு"ன்னு சொன்னா போக்கர்ல அதுக்கு அர்த்தம் இல்ல. பிக் பிளைண்ட் 200 ஆ இருந்தா உங்ககிட்ட இருக்கிறது 30 பிக் பிளைண்ட். 600 ஆ ஏறிட்டா அதே 6,000 வெறும் 10. பொதுவா 15க்குக் கீழ இருந்தா ஷார்ட் ஸ்டாக், 50க்கு மேல பிக் ஸ்டாக், 20ல இருந்து 40 வரைக்கும் மீடியம் ஸ்டாக்னு வெச்சுக்கலாம். டான் ஹாரிங்டன்ங்கிற ஆட்டக்காரர் இதையே இன்னொரு மாதிரி பிரபலப்படுத்தினார்: ஒரு சுத்துக்கு ஆகிற கட்டாயச் செலவால உங்க சிப்பை வகுத்துப் பாரு, எத்தனை சுத்து தாக்குப்பிடிப்பேன்னு தெரியும்.

இப்ப இதை உங்க வீட்டுக்குக் கொண்டு வாங்க. மொத்தச் சேமிப்பை மாசச் செலவால வகுங்க. என் 9 லட்சத்தை 30 ஆயிரத்தால வகுத்தா 30. அதாவது 30 மாசம். எனக்கு பிக் பிளைண்ட்ங்கிறது மாசச் செலவு. நான் சரியான மீடியம் ஸ்டாக்.

ஷார்ட் ஸ்டாக் ஆட்டம் சுலபம். இழக்க ஒண்ணும் இல்ல, நல்ல கை வந்தா எல்லாத்தையும் தள்ளிட வேண்டியதுதான். பிக் ஸ்டாக்கும் ஒரு வகையில சுலபம். ஒரு கை தோத்தா என்ன, அடுத்தது இருக்கு. நடுவுல இருக்கிறவனுக்குத்தான் கஷ்டம். இழக்கறதுக்கு நிறைய இருக்கு, தோத்துத் தாங்கற அளவுக்கு இல்ல. நம்ம நடுத்தர வர்க்கம் அப்படியே இதுதான்.

பாடம் 1: இழக்கிற சிப்போட விலை, ஜெயிக்கிற சிப்பை விட அதிகம்

இது தான் இந்தப் பதிவோட உயிர். கொஞ்சம் பொறுமையா கணக்கைப் பாருங்க.

மேஜையில மூணு பேர் மிச்சம். பெரியவர்கிட்ட 5,000 சிப், உங்ககிட்ட 3,000, சின்னவர்கிட்ட 2,000. முதல் பரிசு 6,000 ரூபாய், ரெண்டாவது 4,000 ரூபாய், மூணாவது ஆளுக்கு ஒண்ணும் இல்ல.

உங்க 3,000 சிப்புக்கு ரூபாய் மதிப்பு எவ்வளவு? போக்கர்ல இதுக்கு ஐசிஎம்னு ஒரு கணக்கு முறை இருக்கு. நீங்க முதல்ல வர வாய்ப்பு 30 சதவீதம், ரெண்டாவதா வர வாய்ப்பு 37.5 சதவீதம். பரிசுத் தொகையோட பெருக்கிக் கூட்டினா 3,300 ரூபாய் வரும்.

இப்ப பெரியவர் எல்லாத்தையும் தள்ளி ஆல்-இன் போடறார். நீங்களும் மொத்தத்தையும் வெச்சு ஜெயிச்சா, உங்க சிப் 6,000 ஆகும். சிப் ரெண்டு மடங்கு. ஆனா ரூபாய் மதிப்பு? அதே கணக்குப்படி 4,800 தான். சிப் 100 சதவீதம் ஏறினாலும் மதிப்பு 45 சதவீதம் தான் ஏறுது. தோத்தா மட்டும் 3,300 முழுசா போயிடும்.

சிப்பை மட்டும் எண்ணினா 50 சதவீத ஜெயிப்பு வாய்ப்பு இருந்தாலே போதும்னு தோணும். ரூபாயை எண்ணினா கிட்டத்தட்ட 69 சதவீதம் வாய்ப்பு இருந்தாத்தான் நஷ்டம் இல்லாத ஆட்டம். இதுக்கு நடுவுல இருக்கிற 19 சதவீத இடைவெளியிலதான் நம்மள மாதிரி ஆளுங்க விழறோம்.

அதே மேஜையில சின்னவர் தன்னோட 2,000 சிப்பையும் தள்ளறார்னு வெச்சுக்கோங்க. ஜெயிச்சா அவர் வெளியே, உங்க மதிப்பு 5,000 ரூபாய். தோத்தா? உங்ககிட்ட இன்னும் 1,000 சிப் இருக்கும், அதோட மதிப்பு சுமார் 1,267 ரூபாய். இங்க 54, 55 சதவீதம் வாய்ப்பு இருந்தாலே போதும்.

அதே நீங்க, அதே 3,000 சிப். ஒருத்தர்கிட்ட 69 வேணும், இன்னொருத்தர்கிட்ட 55 போதும். ஏன்? ஒண்ணுல தோத்தா மேஜையை விட்டே எழுந்திரிக்கணும், இன்னொண்ணுல தோத்தாலும் நாற்காலி இருக்கு. மீடியம் ஸ்டாக் ஆட்டக்காரன் எந்தப் பந்தயத்துக்கு முன்னாடியும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: "தோத்தா நான் இன்னும் உட்கார்ந்திருப்பேனா?"

2 லட்சத்து 10 ஆயிரம் போன அந்த வியாழக்கிழமை நான் கேட்டுக்கிட்ட கேள்வி வேற: "ஜெயிச்சா எவ்வளவு வரும்?"

பாடம் 2: பெரிய ஸ்டாக்கோட பொறுமைப் போட்டி வேண்டாம்

மேஜையில பெரிய ஸ்டாக் வெச்சிருக்கிறவர் எதுக்கு ஒவ்வொரு கையிலயும் விலையை ஏத்தறார்? நல்ல சீட்டு இருக்குன்னு மட்டும் இல்ல. உங்களுக்கு பயம் இருக்குன்னு தெரியும். பத்துல ஏழு தடவை நீங்க சீட்டைக் கீழ வெச்சுட்டா அவருக்கு லாபம். மீதி மூணு தடவை தோத்தாலும் அவருக்குக் கையைக் கடிக்காது.

இதுக்கு நம்ம ஊர்லயே ஒரு உதாரணம் இருக்கு. வ.உ.சி.யோட சுதேசிக் கப்பல் கம்பெனி. ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், வ.உ.சி. சூதாடினார்னு நான் சொல்லல. அவர் பணத்துக்காக இறங்கலை, நாட்டுக்காக இறங்கினார். ஆனா பணக் கணக்கோட கண்ணால பார்த்தா, பெரிய ஸ்டாக் எப்படி அடிக்கும்னு இதைவிடத் தெளிவா காட்டற கதை எனக்குத் தெரிஞ்சு இல்ல.

1906 அக்டோபர்ல கம்பெனி பதிவாச்சு. ஒரு பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு, 10 லட்சம் ரூபாய் மூலதனம் திரட்டறது திட்டம். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவுல கப்பல் விடணும். எதிர்ல உட்கார்ந்திருந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. அவங்களுக்கு கொழும்பு வழி மட்டும் இல்ல, ஆசியா முழுக்கக் கப்பல் ஓடிட்டு இருந்தது.

முதல்ல சுதேசிக் கம்பெனி பம்பாய்ல ஒரு கம்பெனிகிட்ட கப்பலை வாடகைக்கு எடுத்தது. எதிர்த்தரப்பு அழுத்தம் கொடுத்து அதை நிறுத்த வெச்சது. சரி, சொந்தக் கப்பலே வாங்குவோம்னு காலியோ, லாவோன்னு ரெண்டு கப்பல் 1907ல வந்தது. உடனே கட்டண யுத்தம். பிரிட்டிஷ் கம்பெனி டிக்கெட்டை ஒரு ரூபாய்க்குக் குறைச்சது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கினது. அவங்க இலவசமாவே ஏத்திக்கிறோம்னு சொல்லி, போதாததுக்குக் குடையும் கொடுத்தாங்க.

இலவச டிக்கெட்டும் குடையும் கொடுக்க அவங்களால எப்படி முடிஞ்சது? ஒரு வழியில விட்ட காசை இன்னும் பத்து வழியில எடுத்துக்கலாம். சுதேசிக் கம்பெனிக்கு இருந்தது இந்த ஒரு வழி தான். மக்கள் காசு கொடுத்து சுதேசிக் கப்பல்ல ஏறினாங்க, அதுதான் அவங்க கையில இருந்த நல்ல சீட்டு. ஆனாலும் ஒவ்வொரு பயணமும் மூலதனத்தைத் தின்னுச்சு.

1908 மார்ச் 12ஆம் தேதி வ.உ.சி. கைதானார். கடுமையான தண்டனை, செக்கிழுத்தார், அந்தக் கதை உங்களுக்கே தெரியும். 1911ல கம்பெனி கலைக்கப்பட்டது. கட்டண யுத்தம் மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது, அரசாங்கமே எதிர்ல நின்னது. அதுவும் ஒரு பாடம்தான்: பெரிய ஸ்டாக் சில சமயம் மேஜையோட விதியையும் தன் பக்கம் வெச்சிருக்கும்.

நாட்டுக்காக இழந்தவரை நாம கும்பிடறோம். ஆனா நாம ஆப்ஷன்ல இழக்கிறது யாருக்காக? 2024 செப்டம்பர்ல செபி வெளியிட்ட ஆய்வைப் பாருங்க. 2021-22ல இருந்து 2023-24 வரைக்கும் மூணு நிதியாண்டுல, ஃப்யூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ்ல ஆடின தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். செலவையும் சேர்த்து ஒரு ஆளுக்குச் சராசரி நஷ்டம் சுமார் 2 லட்சம். மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல. அந்த மேஜையில எதிர்ல உட்கார்ந்திருக்கிறது பெரிய நிறுவனங்களும் அவங்களோட கம்ப்யூட்டர் புரோகிராம்களும். அவங்களுக்குப் பத்து வழி இருக்கு. உங்களுக்கு ஒரு வழி.

பாடம் 3: திறக்காத சிப்பிக்கு அதிக விலை கொடுக்காதீங்க

போக்கர்ல சின்ன ஜோடின்னு ஒரு கை வரும். உங்க கையில ரெண்டு அஞ்சுன்னு வெச்சுக்கோங்க. பார்க்க அழகா இருக்கும். மேஜையில விழற முதல் மூணு சீட்டுல இன்னொரு அஞ்சு வந்தா பிரமாதம். வர வாய்ப்பு? சுமார் 8ல ஒரு தடவைதான்.

30 பிக் பிளைண்ட் வெச்சிருக்கிற நீங்க 3 பிக் பிளைண்ட் கட்டி அந்த அஞ்சுக்காகக் காத்திருந்தா, எட்டு தடவைக்கு 24 போகும். வர்ற அந்த ஒரு தடவை குறைஞ்சது அதை மீட்கணும். உங்ககிட்ட மிச்சம் இருக்கிறதே 27. எதிராளி ஒவ்வொரு தடவையும் மொத்தத்தையும் உங்களுக்குக் கொட்டிட்டுப் போகமாட்டார். ஆக இது நஷ்டக் கணக்கு. 150 பிக் பிளைண்ட் வெச்சிருக்கிறவர் இதே கையை ஆடலாம், ஜெயிச்சா அவருக்குக் கிடைக்கிறது பெருசு. சீட்டு ஒண்ணுதான், ஆடறவர் ஸ்டாக் வேற.

இதைப் படிச்சப்போ எனக்கு முத்துக்குளிப்பு ஏலம் ஞாபகம் வந்தது. கொற்கை இன்னைக்கு ஏரல் பக்கத்துல ஒரு சின்ன ஊர். தாமிரபரணி கொண்டு வந்த வண்டல்ல கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போயிடுச்சு. ஆனா 2,000 வருஷத்துக்கு முன்னாடி பாண்டியர்களோட முத்துத் துறைமுகம். முதலாம் நூற்றாண்டு கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளூஸ்லயே கொற்கையும் அதோட முத்துக்குளிப்பும் வருது. கொற்கைக்கு அப்புறம் காயல், அப்புறம் தூத்துக்குடின்னு துறை நகர்ந்துச்சு, தொழில் தொடர்ந்தது.

முத்துக்குளிப்பு நடந்த விதம் சுவாரசியம். கடலுக்கு அடியில சிப்பி இருக்கிற பாறைத் திட்டுக்குப் பார்னு பேரு. தூத்துக்குடிக்கு எதிர்ல இருக்கிற தொலாயிரம் பார் ரொம்பப் பிரசித்தம். குளிக்கிறவர் கல்லைக் கட்டிக்கிட்டு மூச்சை அடக்கி இறங்கி, சிப்பியை அள்ளிட்டு வருவார். கரைக்கு வந்ததும் மூணு பங்கு. ரெண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளிச்சவங்களுக்கு. அரசாங்கம் தன் பங்கை ஆயிரம் சிப்பி, ஆயிரம் சிப்பியா ஏலம் விடும். ஒரு சிப்பியைக் கூடத் திறக்காம!

யோசிச்சுப் பாருங்க. பெரும்பாலான சிப்பியில முத்தே இருக்காது. இருந்தாலும் பொடி முத்துதான் அதிகம். ஏலம் எடுத்தவர் சிப்பியை நாள்கணக்கா அழுக விட்டு, அந்த நாத்தத்துக்கு நடுவுல கழுவி, சல்லடையில அரிச்சுப் பார்த்தாத்தான் லாபமா நஷ்டமான்னு தெரியும். அரசாங்கத்துக்கு அன்னைக்குச் சாயங்காலமே காசு. திறக்காத சிப்பியை விக்கிறவருக்கு ரிஸ்க்கே கிடையாது, வாங்கறவருக்குத்தான் எல்லாம். இன்னைக்கு ஒவ்வொரு ஆட்டத்துலயும் கமிஷன் எடுத்துக்கிற ஆப்பும், ஒவ்வொரு டிரேடுக்கும் கட்டணம் எடுத்துக்கிற புரோக்கரும் உட்கார்ந்திருக்கிறது அந்த இடத்துலதான்.

எங்க தாத்தா கருவாட்டு வியாபாரி. 1955ல இருந்து 1961 வரைக்கும் தூத்துக்குடியில வருஷா வருஷம் முத்துக்குளிப்பு நடந்தது. அதுல ரெண்டு மூணு வருஷம் அவரும் சிப்பி வாங்கியிருக்கார். பெரிய ஏலத்துப் பக்கம் போகமாட்டாராம். அங்க கூட்டா சேர்ந்து வாங்கற பெரிய முதலாளிங்க. இவர் குளிக்கிறவங்க தங்களோட பங்கைக் கரையில சில்லறையா விக்கும்போது கொஞ்சமா வாங்குவார். அவர் எங்க அப்பாகிட்ட சொன்ன ரெண்டு விஷயம் எங்க வீட்டுல இன்னைக்கும் பேச்சுல இருக்கு.

ஒண்ணு, "கருவாட்டுக் காசுல கை வைக்காதல. முத்துக் காசு தனி முடிச்சு." வேட்டியில ரெண்டு முடிச்சு வெச்சிருப்பாராம். முத்து முடிச்சு காலியாச்சுன்னா அந்த வருஷம் முத்து அவ்வளவுதான், கருவாட்டுக்குத் திரும்பிடுவார்.

ரெண்டு, "நேத்து சிப்பி கழுவினவன் மூஞ்சியைப் பார்த்துட்டு இன்னைக்கு விலை கேளு." போக்கர்ல இதை பொசிஷன்னு சொல்வாங்க. மத்தவங்க ஆடினதைப் பார்த்துட்டுக் கடைசியா முடிவு பண்றவருக்கு எப்பவும் சாதகம். மீடியம் ஸ்டாக் ஆளுக்கு இது இன்னும் முக்கியம், ஏன்னா தப்புப் பண்ணிக் கத்துக்கிற அளவுக்கு நம்மகிட்ட சிப் இல்ல. புது ஐபிஓ, புது காயின், புது லேஅவுட்னு யாராவது வந்தா, முதல் ஆளா பாயாதீங்க. முன்னாடி வாங்கினவங்க முகம் எப்படி இருக்குன்னு பாருங்க.

எதிர்க்கரையில இதுக்கு நேர் மாறா ஒண்ணு நடந்துச்சு. இலங்கை மன்னார் பக்கம் 1905ல வரலாறு காணாத முத்துக்குளிப்பு, சுமார் 8 கோடி சிப்பி எடுத்தாங்க. அரசாங்கத்துக்கு சுமார் 25 லட்சம் ரூபாய் வருமானம். அதைப் பார்த்துட்டு லண்டன்ல ஒரு கம்பெனி 1906ல அந்தப் பார்களை 20 வருஷக் குத்தகைக்கு எடுத்தது, வருஷம் 3 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய்க்கு. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் குளிப்பு நடந்தது. 1907க்கு அப்புறம் சிப்பி இல்ல. குத்தகை 20 வருஷம், சிப்பி ரெண்டு வருஷம். கம்பெனியும் நிலைக்கல. நல்ல வருஷத்தோட விலையில மொத்த ஸ்டாக்கையும் தள்ளினா இதுதான் முடிவு. போன வருஷம் 40 சதவீதம் கொடுத்த ஃபண்டைப் பார்த்து எல்லாத்தையும் அதுல போடறவங்க இந்தக் கதையை ரெண்டு தடவை படிங்க.

நம்ம கரையிலயும் 1961க்கு அப்புறம் பெரிய முத்துக்குளிப்பு நடக்கல. தாத்தாவோட கருவாட்டுக் கடை அதுக்கு அப்புறமும் 20 வருஷம் ஓடுச்சு.

பாடம் 4: பயந்து உட்கார்ந்தாலும் கரையும்

இதுவரைக்கும் படிச்சுட்டு "சரிப்பா, எதையுமே தொடாம பேங்க்ல போட்டுட்டு இருந்துடறேன்"னு சொல்லாதீங்க. அது மீடியம் ஸ்டாக்கோட அடுத்த தப்பு.

30 பிக் பிளைண்ட் வெச்சுக்கிட்டு ஒரு கையும் ஆடாம உட்கார்ந்தா, ஒரு சுத்துக்கு பிளைண்ட் ரெண்டும் சேர்த்து ஒன்றரை போகும். எல்லாரும் சேர்த்து வைக்கிற ஆன்ட்டியும் உண்டுன்னா இரண்டரை ஆகும். ஆறு சுத்துல பாதி காலி. நடுவுல பிளைண்ட் ரெண்டு மடங்காச்சுன்னா, ஒண்ணும் பண்ணாமலே ஷார்ட் ஸ்டாக் ஆயிடுவீங்க.

வீட்டுல பிளைண்டை ஏத்தறது விலைவாசி. வருஷம் 6 சதவீதம் விலை ஏறினா, 12 வருஷத்துல உங்க மாசச் செலவு ரெண்டு மடங்கு. பீரோவுல வெச்ச 30 மாசப் பணம் 15 மாசப் பணமா ஆயிடும். யாரும் திருடலை, நீங்களும் தோக்கலை.

அதனால நல்ல மீடியம் ஸ்டாக் ஆட்டக்காரங்க கொஞ்சம் கைதான் ஆடுவாங்க, ஆனா ஆடும்போது அவங்களே முதல்ல ரெய்ஸ் பண்ணுவாங்க. மத்தவர் போட்ட பந்தயத்துக்குக் கால் பண்ணிட்டு வேடிக்கை பார்க்கமாட்டாங்க. காரணம் எளிது. நீங்க முதல்ல ஏத்தினா ஜெயிக்க ரெண்டு வழி: எல்லாரும் விலகலாம், இல்ல உங்க சீட்டே நல்லதா இருக்கலாம். கால் பண்ணினா ஒரே வழி: சீட்டு நல்லதா இருந்தே ஆகணும்.

பணத்துல முதல்ல ரெய்ஸ் பண்றதுன்னா, முடிவை நீங்க முன்கூட்டியே எடுக்கிறது. சம்பளம் வந்த 5ஆம் தேதியே எஸ்ஐபி போகட்டும், இவ்வளவு, இந்த ஃபண்டு, இத்தனை வருஷம்னு. கால் பண்றதுன்னா, டெலிகிராம்ல எவனோ கொடுத்த டிப்புக்கு, நண்பர் காட்டின ஸ்கிரீன்ஷாட்டுக்குப் பின்னாடி ஓடறது. நான் இழந்த பணம் முழுக்க கால் பண்ணினதுதான்.

இங்கயும் நம்ம ஊர் உதாரணம் ஒண்ணு. 1973ல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தூத்துக்குடியில வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினது. சிப்பிக்குள்ள முத்து இருக்குமான்னு ஏலம் கேட்கிறதை விட்டுட்டு, சின்ன மணி ஒண்ணைச் சிப்பிக்குள்ள வெச்சு, மாசக்கணக்கா கடல்ல வளர்த்தாங்க. அதுலயும் எல்லாச் சிப்பியும் முத்து தராது. ஆனா இங்க கருவை நாமளே வெச்சு வளர்க்கிறோம், விதியை வேடிக்கை பார்க்கிறது இல்ல. எஸ்ஐபி எனக்கு அந்த மாதிரிதான் தெரியுது.

உங்க மேஜையில இதை எப்படிச் செய்றது?

ஒரு பேப்பர் எடுங்க. உதாரணத்துக்குச் சேமிப்பு 12 லட்சம், மாசச் செலவு 40 ஆயிரம்னு வெச்சுக்குவோம். 30 பிக் பிளைண்ட்.

முதல் 6 மாசச் செலவு, 2 லட்சத்து 40 ஆயிரம், எமர்ஜென்சி ஃபண்ட். இதுதான் உங்க நாற்காலி. இதை எந்தக் கை வந்தாலும் நடுவுல தள்ளக்கூடாது. இது கூடவே ஹெல்த் இன்ஷூரன்ஸும் டேர்ம் இன்ஷூரன்ஸும் இருக்கணும். ஒரு ஆஸ்பத்திரி பில்லை விடப் பெரிய ஆல்-இன் நடுத்தரக் குடும்பத்துக்கு இல்ல, அதுவும் நம்ம கேட்காமலே வர்ற ஆல்-இன்.

அடுத்து, மூணு வருஷத்துக்குள்ள தேவைப்படற பணம். பிள்ளை காலேஜ் ஃபீஸ், பிளாட் அட்வான்ஸ் எல்லாம் இதுல வரும். எஃப்டி, ஆர்டி மாதிரி இடத்துல இருக்கட்டும். என் தப்பே இங்கதான், அட்வான்ஸ் பணத்தை எடுத்துட்டு மேஜைக்குப் போனேன்.

மிச்சம் இருக்கிறதுதான் விலைவாசியை ஜெயிக்கிற பணம். இது நீண்ட காலத்துக்கு, பரவலா, ஒரே இடத்துல இல்லாம.

புதுசா எதையாவது முயற்சி பண்ணிப் பார்க்கணும்னு கை அரிக்குதா? தாத்தா மாதிரி தனி முடிச்சு போடுங்க. நான் வெச்சிருக்கிற அளவு மொத்தத்துல 5 சதவீதம். 12 லட்சத்துக்கு 60 ஆயிரம், அதாவது ஒன்றரை பிக் பிளைண்ட். அது போச்சுன்னா அந்த வருஷம் கடை மூடியாச்சு. இன்னொரு முடிச்சுல இருந்து மாத்தறது கிடையாது.

கடைசியா, எந்தப் பெரிய முடிவுக்கு முன்னாடியும் அந்த ஒரு கேள்வி: தோத்தா நான் இன்னும் உட்கார்ந்திருப்பேனா? பதில் "ஆமா"ன்னா, கணக்குப் பார்த்து ஆடுங்க. "தெரியல"ன்னா கூட அது "இல்ல"ன்னுதான் அர்த்தம்.

4 லட்சத்து 60 ஆயிரத்துல இருந்து நான் திரும்ப ஆரம்பிச்சு மூணு வருஷத்துக்கு மேல ஆகுது. வேகமா எதுவும் நடக்கல. இப்ப செலவும் ஏறியிருக்கு, சேமிப்பும் ஏறியிருக்கு. போன மாசம் வகுத்துப் பார்த்தேன், 27 வந்தது. இன்னும் பழைய 30 வரல. என் மனைவிகிட்ட பேப்பரைக் காட்டினேன். "இந்தத் தடவை பிளாட் பார்க்கப் போறப்போ நானும் வர்றேன்"னு சொன்னா.

உங்க நம்பர் எத்தனை? இன்னைக்கு ராத்திரி வீட்டுல எல்லாரும் உட்கார்ந்து வகுத்துப் பாருங்க. இந்தக் கணக்கையே புளியங்கொட்டையை மேஜையில வெச்சு வீடியோவாவும் போடறேன், சேனல்ல பாருங்க. அடுத்த பதிவுல டேர்ம் இன்ஷூரன்ஸ் எவ்வளவு எடுக்கணும்னு பார்க்கலாம். பத்திரமா ஆடுங்க!